வசவுக்கு ஆதாரம்

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. பையப் பாத்து பயப்படாத, முருங்கக்காயும் வாழப்பூவும்தான். சன்னலோரம் நீயே இரு, எனக்குக் காத்து அடிச்சா காது அடைச்சுக்கிடும். அது என்ன மடியில, சுருள் கம்பி போட்ட தடிப் புஸ்தகம்? ஆராய்ச்சியா? பாத்ததும் நெனச்சேன். எங்க வீட்டுலயும் ஒருத்தி மூணு வருசம் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் திரிஞ்சா. எம் மருமவ.

இடது பக்கம் ஒன்றரை இஞ்சு எடம் விட்டிருக்கியா? பைண்டிங்குக்கு வேணும்லா. சிரிக்காத. எனக்கு எல்லாம் தெரியும். கடைசில வார புஸ்தகப் பட்டியல்ல எழுதுன ஆளு பேரு முதல்ல, பெறவு புஸ்தகத்துப் பேரு, அது சாஞ்ச எழுத்து. பெறவு பதிப்பகம், ஊரு, வருசம். நடுவுல கமாவா புள்ளியான்னு எங்க வீட்டுல ஒரு ஞாயித்துக்கெழம பூரா சண்ட. எம் மவன் நெல்லையப்பன், கரண்டாபீசுல இருக்கான், அவன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "கமா போட்டா என்ன, புள்ளி வச்சா என்ன, அதையா ஒருத்தன் பாக்கப் போறான்"னுட்டான். அவ அன்னைக்கு மத்தியானம் சாப்பிடல. கைடம்மா பாக்காவல்லா. ஒரு கமாவுக்காக மொத்தத்தையும் திருப்பி அனுப்புனாவ. தமயந்தி அம்மான்னு பேரு. நல்ல பொம்பளதான், ஆனா கமா விசயத்துல ஈவு இரக்கம் கெடையாது.

எம் மருமவ பேரு செண்பகவல்லி. கோயில்பட்டிக்காரி. நம்ம ஊரு அம்பாசமுத்திரத்துல காலேஜில தமிழ் சொல்லிக் குடுத்தா. கௌரவ விரிவுரையாளராம். பேருல மட்டுந்தான் கௌரவம். டாக்டர் பட்டத்த வாங்குனாத்தான் நெலையான வேல. அதுக்காகத்தான் இவ்வளவு பாடும். எதப் பத்தி எழுதுதன்னு கேட்டா, "பெண்களோட பேச்சு அத்தை"ன்னு மட்டும் சொல்லுவா. நானும் தாலாட்டு, கும்மி, அந்த மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். எனக்குத் தாலாட்டு நல்லா வரும். ஏன் நம்மகிட்ட கேக்க மாட்டேங்கான்னு ஒரு வருத்தம் இருந்துக்கிட்டே இருந்துச்சு.

ஒரு நாள் நான் முருங்கக்கீர ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. காப்பி நல்லா இருந்துச்சு. அப்பமே எனக்குச் சந்தேகம்.

"அத்தை, ஒரு கையெழுத்து வேணும்"ங்கா.

"எதுக்கு? வீட்ட எழுதிக் கேக்கானா ஒம் புருசன்?"

"இல்ல அத்தை. நீங்க சொன்னதுக்கு."

"நான் என்ன சொன்னேன்?"

"நெறைய சொல்லியிருக்கீங்க அத்தை."

பெறவுதான் விசயம் வருது. அவ எழுதுனது தாலாட்டு இல்லம்மா. வசைமொழியாம். வசைமொழின்னா திட்டுததுதான். அம்பாசமுத்திரம் வட்டாரத்துப் பொம்பளைக எப்படித் திட்டுதாவன்னு சேத்து வச்சிருக்கா. அதுக்கும் பட்டம் குடுக்காவ, பாத்துக்கோ. அதுல நாலாவது இயல், அதான் அவ புஸ்தகத்துக்கே உசுராம். அந்த இயல்ல உள்ள வசவுக்கெல்லாம் கீழ 'ஒரு பெண், அம்பாசமுத்திரம்', 'ஒரு பெண், அம்பாசமுத்திரம்'னு போட்டு வச்சிருக்கா. கைடம்மா கண்ணுல பட்டுட்டு. "இது யாரு இந்த ஒரு பெண்? பேரு வேணும், வயசு வேணும், ஊரு வேணும், படிப்பு வேணும், அவங்க சம்மதம்னு கையெழுத்து வேணும். இல்லன்னா இந்த இயலையே எடுத்துரு"ன்னு சொல்லிட்டாவ. அந்த இயல எடுத்தா புஸ்தகம் இல்ல. புஸ்தகம் இல்லன்னா பட்டம் இல்ல, வேல இல்ல.

அந்த ஒரு பெண் நாந்தானாம்.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லு. வாயே தொறக்காத பொம்பள நான். தெருவுல யாருட்ட வேணாலும் கேட்டுப் பாரு. வீடுன்னா ஒரு வார்த்த முன்ன பின்ன வரத்தான் செய்யும், அது திட்டா? கீரைய அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். சாந்தரம் வரைக்கும் பேசல. எம் மவன் வந்தான், எங்க ரெண்டு பேரு மூஞ்சியும் பாத்தான், சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு வாரேன்னு போனவன் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தான். அவன்கிட்ட இப்ப சைக்கிளே கெடையாது.

ஆனா ஒரு விசயம் உள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் கேட்டேன். "ஏட்டி, அடுத்த வீட்டுப் பூரணம் எத்தன?"

"பூரணத்தக்கா எட்டு அத்தை."

"எட்டா? அவ தெரு முழுக்கக் கேக்க மாதிரி கத்துவாளே."

"கத்துவாங்க அத்தை. ஆனா சொன்னதையேதான் சொல்லுவாங்க. உங்களது ஒவ்வொண்ணும் புதுசு."

பொய் சொல்ல மாட்டா. படிச்ச புள்ள.

"நானு எத்தன?"

"நூத்துச் சொச்சம் அத்தை."

சரின்னுட்டேன். ஆனா ஒன்னு சொன்னேன், எல்லாத்தையும் எங்கிட்ட வாசிச்சுக் காட்டணும், நான் சொன்னது சொன்னபடி இருக்கணும், இல்லன்னா கையெழுத்து கெடையாதுன்னு. அதுல தப்பு இருக்கா? நாளைக்கு நாலு பேரு படிக்கப் போறாவ. எம் பேருல தப்பும் தவறுமா ஒன்னு போயிரக் கூடாதுல்லா.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் உக்காருவோம். அவ வாசிப்பா. "ஒங் கையில குடுத்தா உப்பும் ஊசிப் போவும்." இது எதுக்குச் சொன்னதுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கா. சூழலாம். 'புளிக்குழம்பு கெட்டுப்போனபோது'ன்னு. சரியா இருந்துச்சு. "வெந்நி வைக்கச் சொன்னா வெளக்கம் கேக்கா." இதுவும் சரி. "அடுப்புல பால வச்சுட்டு அமெரிக்காவுல போயி நிக்கா." இது 'நிக்கா' இல்ல, 'நிப்பா'ன்னு திருத்துனேன். நிக்கான்னா இன்னைக்கு மட்டும்னு ஆயிரும். நிப்பான்னாத்தான் எப்பவும் அப்படின்னு அர்த்தம் வரும். அவ பேனாவ எடுத்து அடிச்சு எழுதிக்கிட்டா. "நல்ல வித்தியாசம் அத்தை"ன்னா. முந்துன இயல்ல ரெண்டு எடத்துல பூரணம் பேரு போட்டிருந்தா, அது ரெண்டும் என்னுது. பூரணம் எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டது. அதையும் மாத்த வச்சேன். ஒருத்தி சொன்னத இன்னொருத்தி பேருல போட்டா அது திருட்டுதான, நீயே சொல்லு. ஒங்க படிப்புலயும் அதான சட்டம்.

எம் மவன் ஒரு நாள் வந்து நின்னு கேட்டுட்டுச் சிரிச்சான். "எம்மா, இவ்வளவும் நீ எம் பொண்டாட்டியச் சொன்னதாம்மா?"ங்கான். இவன் இத்தன வருசமா எங்க இருந்தாம்னு தெரியல. அதே வீட்டுலதான் இருந்தான்.

பஸ்ஸு வீரவநல்லூர் தாண்டிட்டா? சரி சரி, இன்னும் நேரம் கெடக்கு.

அப்படி வாசிச்சுக்கிட்டே வந்தாளா, ஒரு எடத்துல நின்னுட்டா. அந்தத் தாள மட்டும் தள்ளி வச்சுட்டு அடுத்ததுக்குப் போகப் பாத்தா. நான் விடல. "என்ன ஒளிக்க? வாசி"ன்னேன்.

வாசிச்சா. நூத்திப் பதினேழு. "ஒழுகுத பானையத் தூக்கி உறியில வச்சிருக்கான் எம் மவன்."

சூழல்னு போட்ட எடத்துல ஒன்னும் எழுதல. வெறுமன கெடந்துச்சு.

நான் சொல்லிட்டேன், "இது நான் சொல்லல"ன்னு. சொல்லலம்மா. எனக்கு ஞாபகமே இல்ல. பூரணம் சொல்லியிருப்பா, அவளுக்குத்தான் பானை சட்டியெல்லாம் வாயில வரும். "பூரணம் பேரப் போடு"ன்னேன்.

"பூரணத்தக்கா இதச் சொல்லல அத்தை"ன்னா. கொரல ஒசத்தல. அவ எப்பவுமே ஒசத்த மாட்டா, அதான் எனக்குப் பிடிக்காது.

"அப்ப எடுத்துரு."

"எடுக்க முடியாது அத்தை. இத வச்சுத்தான் ஆறு பக்கம் எழுதியிருக்கேன். கைடு இதுதான் இயலுக்கே மையம்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப யாரு பேரையும் போடாத."

அவ அந்தத் தாளத் திரும்ப எடுத்தா. பெறவு 'தகவலாளர் பெயர் தெரியவில்லை'ன்னு எழுதிட்டு அடுத்தத வாசிச்சா. நானும் விட்டுட்டேன். அதுக்குப் பெறவு உள்ளதெல்லாம் நான் அவ்வளவு கவனிக்கல. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

இதுல இன்னொரு வருத்தம் இருக்கு. எல்லாம் அச்சடிச்சு வந்த பெறவு முன்னால நன்றியுரைன்னு ஒன்னு போட்டிருந்தா. கைடுக்கு நன்றி, பிரின்ஸ்பாலுக்கு நன்றி, எம் மவனுக்கு நன்றி, லைப்ரரில புஸ்தகம் எடுத்துக் குடுத்தவருக்கு நன்றி, டைப்படிச்ச கடைக்கு நன்றி. ஸ்கூட்டி எரவல் குடுத்த சிநேகிதிக்குக் கூட நன்றி. எம் பேரு இல்ல. தேடித் தேடிப் பாத்தேன், இல்ல. நேராவே கேட்டுட்டேன்.

"அத்தை, நன்றியுரை உதவி பண்ணவங்களுக்கு. நீங்க உதவி இல்ல, நீங்க ஆதாரம். ஆதாரத்துக்கு நன்றி சொல்ற வழக்கம் இல்ல, பின்னால பட்டியல்ல பேர் வரும்"னா. முகத்த அவ்வளவு சாதுவா வச்சுக்கிட்டுச் சொன்னா. ஒரு வெதத்துல சரிதான்னு எனக்கும் பட்டுச்சு. ஆதாரம்னா பெரிய வார்த்ததான. அவ அங்கிட்டுப் போனதும் ரூமுக்குள்ள எம் மவன் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. அவன் எதுக்குச் சிரிச்சாம்னு இன்னிக்கி வரைக்கும் சொல்லல.

கடைசில வாய்மொழித் தேர்வு வந்துச்சு. ஒனக்கும் உண்டுல்லா? யாரு வேணாலும் போயி உக்காந்து கேக்கலாமாம். எனக்கு முட்டு வலின்னு அவளுக்கு அக்கறை, "உங்களுக்கு அலைச்சல் அத்தை, வீட்டுல இருங்க"ன்னு நாலு தடவ சொன்னா. நம்ம புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கும்போது நாம இல்லாம எப்படி? நல்ல சேலையக் கட்டிக்கிட்டு நானும் போயிட்டேன். நானும் எம் மவனும் ரெண்டாவது வரிசைல உக்காந்தோம். பாத்தா எல்லாரும் சின்னஞ்சிறுசுக. ஆளாளுக்குக் கையில பிஸ்கட்டும் டீயும்.

வெளியூருலருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தாரு, கேள்வி கேக்க. ஒல்லியா, நெத்தி நெறைய விபூதி. எம் மருமவ நல்லாப் பேசுனா. திரையில படம் காட்டிக் காட்டி என்னமோ சொன்னா. அவளுக்கு இப்படிப் பேச வரும்னு எனக்குத் தெரியாது. வீட்டுல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டா. நான் பேச விட்டாத்தானன்னு எம் மவன் சொல்லுவான், அவன் கெடக்கான்.

அந்த வாத்தியார் மொதல்ல அடிக்குறிப்பப் பத்திக் கேட்டாரு. பெறவு ஒரு புஸ்தகத்துக்கு எத்தனாவது பதிப்புன்னு போடலன்னாரு. அதெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டா. பெறவு கண்ணாடியப் போட்டுக்கிட்டு, "நூற்றுப் பதினேழு"ன்னாரு. அத அத்தன பேரு முன்னால சத்தமா வாசிச்சாரு. "ஒழுகுத பானையத் தூக்கி உறியில வச்சிருக்கான் எம் மவன்."

ஒருத்தரும் சிரிக்கல. அவ திரையில காட்டுன மத்ததுக்கெல்லாம் சிரிச்சாவ.

"கரு தங்காமப் போன மருமகளைப் பார்த்து, அவளைத் தாங்குற மகனையும் சேர்த்து மாமியார் சொல்றதுன்னு ஆறு பக்கம் விளக்கம் எழுதியிருக்கீங்க. நல்லாவும் எழுதியிருக்கீங்க. சொன்னது யாரு?"

"பெயர் தெரியலை ஐயா."

"மத்த எல்லாத்துக்கும் பேரு, வயசு, தேதி இருக்கு. இதுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

அவரு புஸ்தகத்த மூடுனாரு.

"பேர் இல்லாத ஆதாரம் ஆதாரமே இல்லம்மா. விளக்கத்துக்கு வசதியா நீங்களே இட்டுக்கட்டிச் சேர்த்துட்டீங்கன்னு ஒருத்தர் சொன்னா என்ன பதில் சொல்லுவீங்க? ஒண்ணு பொய்யின்னு ஆச்சுன்னா மத்ததையும் எப்படி நம்புறது?"

அவ தலையக் குனிஞ்சு நிக்கா. கைடம்மா தாளப் பொரட்டுதாவ. எம் மவன் மேல சுத்துத காத்தாடியப் பாக்கான். நான் இவளையே பாக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அந்தா உக்காந்திருக்காவன்னு கையக் காட்டியிருக்கலாம். காட்டல. எம் பக்கம் கண்ணக்கூடத் திருப்பல. அப்படியே நிக்கா. நான் ஏசும்போது அடுக்களைல எப்படி நிப்பாளோ, அதே மாதிரி.

நான் எந்திரிச்சுட்டேன்.

"ஐயா, எம் பேரப் போட்டுக்கிடுங்க"ன்னேன்.

அவரு கண்ணாடிய எறக்கிப் பாத்தாரு. "நீங்க யாரும்மா?"

"ஆவுடையம்மாள். வயசு அறுவத்திரெண்டு. எட்டாங்கிளாஸ் வர படிப்பு. அம்பாசமுத்திரம்." எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். பட்டியல்ல எப்படி வரணும்னு எனக்குத்தான் தெரியுமே.

"இது நீங்க சொன்னதா?"

"சொல்லல."

அப்பம்தான் எல்லாரும் சிரிச்சாவ. அவருக்கும் சிரிப்பு வந்துட்டு, அடக்கிக்கிட்டாரு. "சொல்லலன்னா உங்க பேர எப்படிம்மா போட முடியும்?"

"மத்த நூத்துச் சொச்சமும் நான் சொன்னதுதான ஐயா. கையெழுத்தும் போட்டிருக்கேன். இத மட்டும் வேற எவ சொல்லியிருக்கப் போறா? எம் பேரப் போடுங்க. அந்தப் புள்ள பொய் எழுதாது. ஒரு கமாவக்கூடப் பொய்யாப் போடாது."

அவரு என்னப் பாத்தாரு, பெறவு இவளப் பாத்தாரு. அவ அப்பம்தான் தலையத் தூக்குனா. "எந்தச் சூழல்ல சொன்னதுன்னும் வேணுமேம்மா"ன்னாரு எங்கிட்ட, கொஞ்சம் தணிஞ்ச கொரல்ல.

"அது வீட்டு விசயம்"னுட்டு உக்காந்துட்டேன்.

"திருத்தத்துல சேர்த்துருங்க செண்பகவல்லி"ன்னாரு. அதுக்கு மேல கேக்கல. கொஞ்ச நேரங் கழிச்சு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம்னு சொன்னாவ, எல்லாரும் கை தட்டுனாவ. கைடம்மா வந்து எங் கையப் பிடிச்சுக்கிட்டாவ. நான் அவியகிட்ட, பதிப்பு நம்பர் போடாம விட்டத நீங்களாவது பாத்திருக்கக் கூடாதான்னு கேட்டேன்.

வெளிய வந்து கடைல சர்பத்து குடிச்சோம். எம் மவன் காசு குடுக்கப் போயிட்டான். இவ கிளாச வச்சுக்கிட்டு நிக்கா, குடிக்க மாட்டேங்கா. "ஐஸு கரையுதுல்லா, குடி"ன்னேன்.

"நீங்க சொல்லலன்னுதானே சொன்னீங்க அத்தை?"ங்கா.

"ஆமா. சொல்லல."

"அப்ப ஏன் எந்திரிச்சீங்க?"

"பின்ன? எங்கயோ கெடந்த மனுசன் வந்து ஒன்னப் பொய்க்காரிங்கான், நான் சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்து கேக்கணுமாக்கும்? ஒன்னத் திட்ட அவரு யாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சுக்கிட்டே இருந்தா. சிரிக்கச் சிரிக்கக் கண்ணுல தண்ணியா ஊத்துது. நாலு பேரு பாக்காவ, மூஞ்சியத் தொடன்னு என் முந்தானையக் குடுத்தேன். ரோட்டத் தாண்டும்போது எங் கையப் பிடிச்சுக்கிட்டா. தாண்டுன பெறவும் விடல. கையெல்லாம் வேர்த்துட்டு எனக்கு. பஸ்ஸுல சீட்டுக் கெடைக்க வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நின்னா.

இப்ப பாளையங்கோட்டைல அவளுக்கு வேல. வீடு எடுத்து இருக்காவ. நான் வாரத்துக்கு ஒருக்க இப்படிக் காயும் பூவுமா எடுத்துக்கிட்டுப் போவேன். போனா ரெண்டு நாளு இருப்பேன். இப்பவும் ஏதாவது சொல்லத்தான் செய்தேன், இல்லன்னு சொல்லல. சொன்னா அவ, "இது புதுசா அத்தை?"ன்னு கேக்கா. அதுக்கப்புறம் எப்படித் திட்ட? தொண்டையிலயே நின்னு போவுது.

திருத்துன புஸ்தகம் வந்துச்சுன்னு போன மாசம் காட்டுனா. கறுப்பு அட்ட, தங்க எழுத்து. பின்னால பட்டியல்ல எம் பேரு சரியா இருந்துச்சு. 'ள்'ளு வரைக்கும் பாத்தேன். பெறவு அந்த நூத்திப் பதினேழாவத எடுத்துப் பாத்தேன். பேரு ஆவுடையம்மாள்னு போட்டிருக்கா. சரி, நாந்தான போடச் சொன்னேன். சூழல்னு இருந்த எடத்துல என்ன எழுதியிருக்கான்னு பாக்கத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. எழுதியிருக்கலாம்லா. ஆஸ்பத்திரிலருந்து அவளக் கூட்டிக்கிட்டு வந்த சாந்தரம்னு எழுதியிருக்கலாம். கட்டில்ல அவ சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தா, எம் மவன் பக்கத்துல உக்காந்து பால ஆத்திக்கிட்டு இருந்தான், நான் வாசப்படில நின்னேன். அவ தூங்கிட்டான்னுதான் நெனச்சேன்.

இல்லம்மா, நான் சொல்லல. நின்னேன்னுதான் சொல்லுதேன்.

அதெல்லாம் அவ எழுதல. 'வீட்டில்'னு ஒரே ஒரு வார்த்த. பெறவு ஒரு புள்ளி. அவ்வளவு தடிப் புஸ்தகத்துல நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிச்சது அந்த ஒத்த வார்த்தையத்தான்.